மண்டியில் இருந்த இரண்டு வருடம்

2025 ஜனவரி 8

ஜமுனாமரத்தூர் போய் பயோடேட்டா அடிக்கக் கொடுத்தேன். உழவர் கம்பெனியில் கொள்முதல் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். மலை விவசாயிகளே சேர்ந்து நடத்தும் கம்பெனி. வியாபாரிக்குப் போகாமல் விளைச்சலை அவர்களே வாங்கி விற்கிறார்கள்.

ஜெராக்ஸ் கடை அசோக்குமார் எனக்குத் தம்பி முறை. "உன் அனுபவத்த எல்லாம் சொல்லுக்கா, ஜோரா அடிச்சிடலாம்" என்றான். சொல்லச் சொல்லத்தான் முப்பத்தொரு வயதுக்குள் எத்தனை ஊர்த் தண்ணீர் குடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங். பிறகு செங்கம் ராஜாக்கண்ணு மண்டிக்காக இங்கே மலையிலேயே சாமையும் புளியும் கொள்முதல், இரண்டு வருடம். போன வருடம் முழுக்க ஓசூரில் செல்போன் கம்பெனி.

மண்டி என்றதும் அவன் கை நின்றுவிட்டது.

"அக்கா, அந்தாளு தொல்ல தாங்காமதான் உழவர் கம்பெனியே ஆரம்பிச்சாங்க. அங்க போய் அவர்கிட்ட இருந்தேன்னு எழுதுவியா? திருப்பூரு, ஓசூரு போதும்."

"நடுவுல ரெண்டு வருசம்?"

"வூட்ல இருந்தேன்னு போடு. யாரு கேக்கப் போறாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 9

ஓசூர் ஏஜென்ட் போன் செய்தார். பிப்ரவரி மூன்றாம் தேதி ஆள் ஏற்ற வண்டி வருமாம். இந்த வேலை கிடைக்காவிட்டால் அதில் ஏறத்தான் வேண்டும். என் மகள் பிரியதர்ஷினியின் அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார். நானும் போனால் அவள் மறுபடி பக்கத்து வீட்டில், சசிகலா அக்காவிடம்.

நான் ஓசூரிலிருந்து வந்த அன்று பாயோடு அக்காவிடம் போய், "பெரியம்மா, இன்னைக்கி இவங்க பக்கத்துல படுத்துக்கட்டா?" என்று கேட்டாள். ஆறு வயது. இவங்களாம். படுத்துப் பார்த்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று மறுபடி அங்கேயே போய்விட்டாள். நான் அழுதேன், வேறென்ன செய்ய.

ஜனவரி 10

கொள்முதல் வேலைக்கு விண்ணப்பம். அதில் கொள்முதல் பார்த்ததை மட்டும் மறைக்க வேண்டும். நல்ல கூத்து.

மண்டியில் நான் யாரையும் ஏமாற்றவில்லை. விலை சொல்வதும் ராஜாக்கண்ணு, எடையில் கழிப்பதும் ராஜாக்கண்ணு. ஆனால் மூட்டைக்குள் கையை விட்டவள் நான்தானே. சிலர் மேலே காய்ந்த புளியைப் போட்டு, அடியில் தண்ணீர் தெளித்ததை வைத்திருப்பார்கள். முழங்கை வரை கை போனால் தெரிந்துவிடும். கெங்கம்மாள் அத்தையின் மூட்டையை ஒருமுறை ஊர் பார்க்கக் கொட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இப்போது அந்த அத்தை உழவர் கம்பெனியின் குழுவில் இருக்கிறார்.

ஜனவரி 13

மண்டியை எடுத்துவிடச் சொன்னேன். அனுப்பியாயிற்று.

ஜனவரி 20

இருபத்தேழாம் தேதி வரச் சொல்லி போன் வந்தது. சந்தோசமாத்தான் இருக்கணும். ஆனா இல்ல. அக்காவிடம் சொன்னேன். "இந்த மலையில எதடி ஒளிச்சு வெக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். எழுதியிருக்கலாமோ? எழுதியிருந்தால் கூப்பிட்டே இருக்க மாட்டார்களோ?

ஜனவரி 27



மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் சக்திவேல் சார் — படவேட்டுக்காரர், புதியவர், என்னைத் தெரியாது. பக்கத்தில் கெங்கம்மாள் அத்தை. திருப்பூரில் என்ன செய்தீர்கள் என்று சார் கேட்டார், சொன்னேன். நடுவில் வீட்டில் இருந்தீர்களா என்றார், தலையை ஆட்டினேன். 

பிறகு வெளியே கூட்டிப் போய் ஒரு சாமை மூட்டையைக் காட்டி, "இத வாங்கலாமா, சொல்லுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக முழங்கை வரை உள்ளே போய், அடியிலிருந்து அள்ளி, ஊதி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, மிச்சத்தைச் சிந்தாமல் மூட்டையிலேயே போட்டது. "அடியில இன்னும் காயல சார்" என்றும் சொல்லிவிட்டேன்.

அத்தை சிரித்துவிட்டார். "ஐயே, மண்டிக் கை எங்க போவும்?"

சார் தாளைப் புரட்டினார். "இதுல மண்டின்னு ஒண்ணும் இல்லையே."

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே வடிவு, அத இன்னாத்துக்கு வுட்ட?"

"மண்டி ஆளுன்னு வாணாம்னுடுவீங்கன்னுதான், அத்தை."

"போடி. இங்க எல்லாம் மாமன் மச்சான், சம்பந்தி. எவ மூட்டையில ஈரம்னு தெரிஞ்சாலும் ஒருத்தரும் சொல்றதில்ல. நாளைக்கி அவ வூட்டுக் கல்யாணத்துக்குப் போவணுமே. போன வருசம் ஏத்தின புளி பாதி பூசணம் பூத்துப்போய் திரும்பி வந்துச்சு. நீ என் மூட்டையையே கொட்னவ. உன்ன வுட்டா யார வெக்கறது?"

சார் பேனாவை நீட்டி, "அந்த ரெண்டு வருசத்தையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அச்சடித்ததற்குக் கீழே கையால் எழுதினேன். அப்பாடா. இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வரும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 30

வேலை கிடைத்துவிட்டது. அசோக்குமார் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "பயோடேட்டா நான் அடிச்சது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

பிப்ரவரி 3

ஓசூர் வண்டியின் ஹாரன் கேட்டது. நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12

புளி வர ஆரம்பித்துவிட்டது. வரிசையில் முதல் ஆள் கெங்கம்மாள் அத்தை. மேலே நல்ல காய்ந்த புளி. கையை உள்ளே விட்டேன். அடியில் சில்லென்று ஈரம்.

அவர் முகத்தைப் பார்த்தேன். வரிசையே என்னைப் பார்த்தது.

"அத்தை, கொட்டுங்க."

"ஏம்மே, நான்தானே உனக்கு வேலை போட்டுக் குடுத்தேன்?"

"இதுக்குத்தானே அத்தை போட்டீங்க."

திட்டிக்கொண்டேதான் கொட்டினார். கொட்டும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற இரண்டு பேர், "நாளைக்கி வர்றோம்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள், காயவைக்க.

சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். கையைக் கழுவியும் புளி வாசம் போகவில்லை. சாப்பிட்டதும் பிரியா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அக்கா வீட்டிலிருந்து தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, என் பாயை ஒட்டி விரித்தாள். பெரியம்மாவிடம் கேட்டாயா என்றேன்.

"இன்னாத்துக்கு கேக்கணும்?" என்றாள்.