புள்ளிமான் காதும் தோஹா பசையும்

1997 அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மியூசியம் அறைச் சுவரெல்லாம் ஈரம். மான் தோலைப் படிகாரத் தண்ணியிலிருந்து எடுத்தாச்சு. முடி எங்கேயும் உதிரலை. கோடிக்கரைப் பக்கம் வேலிக்கம்பியில மாட்டிச் செத்த புள்ளிமான். வனத்துறை கடிதத்தோட காலேஜுக்கு வந்தது. தலையும் கழுத்தும் மட்டும் உயிரோட இருக்குற மாதிரி பாடம் பண்ணணும். பதினோரு வருஷத்துல எனக்கு முதல் மான். இதுவரைக்கும் பறவை, கீரி, ஒரே ஒரு நரி.

மதியம் விலங்கியல் துறைத்தலைவர் வசந்தா மேடம் கூப்பிட்டாங்க. "ஸ்டெல்லா, அந்தோணி லீவுல வந்திருக்காரு. தோஹா மியூசியத்துல இதே வேலைதானே பாக்குறாரு. அவரையே பண்ணச் சொல்லியிருக்கேன். நீ கூட இரு."

கூட இரு. சரிங்க மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அந்தோணியும் நானும் ஒரே மாசம் இங்க வேலைக்குச் சேர்ந்தோம். ரெண்டு வயசு சின்னவன். தோஹா வேலை விளம்பரத்தைப் பேப்பர்லேர்ந்து வெட்டி அவன் கையில கொடுத்ததே நான்தான். அப்ப அம்மா இடுப்பு ஒடஞ்சு படுக்கையில. நான் மனு போடலை. அவன் போட்டான். நாலு வருஷம் ஆச்சு.

அக். 15, புதன்

மழை இல்லை, புழுக்கம். அந்தோணி வந்தான். கொஞ்சம் தொப்பை. அதே சிரிப்பு. "அக்கா, நல்லாருக்கீங்களா?" நேத்தே வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு சென்ட் பாட்டில் கொடுத்திருக்கான். அம்மா அதைத் தடவிக்கிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போச்சு. என் பதினோரு வருஷச் சம்பளத்துல வாங்கின எதையும் அது இப்படி மோந்து பாத்ததில்லை.

அவன் பெட்டியில ரெண்டு பிளாஸ்டிக் காது. குருத்தெலும்பை எடுத்துட்டு அந்த இடத்துல சொருகுறது. அமெரிக்க மானுக்குச் செஞ்சது. பாத்ததுமே தெரிஞ்சுது, நம்ம மானுக்குப் பெருசு. சொல்லலை. அவனே அளந்து பாத்துட்டுக் கத்தரியால ஓரத்தை வெட்டினான். கை நேர்த்தி. அதுவும் எரிச்சல்தான்.

பசை பத்திப் பேச்சு வந்துச்சு. நான் இதுவரை பாத்தது:
வஜ்ரம் (தோலும் எலும்பும் காய்ச்சின பசை) – மழைக்காலத்துல இளகும், நாறும்.
கார் டிங்கர் பட்டி (ஒடுக்கு விழுந்த இடத்துல பூசுற மாவு) – சூடாகிச் சட்டுனு இறுகும். நரியோட காது அதனாலதான் வெடிச்சுது.
தச்சர் வெள்ளைப் பசை – மெதுவாக் காயும், ஆனா தோலை நகத்தி நகத்திச் சரி பண்ணலாம்.
அவன் கொண்டாந்தது ரெண்டு ட்யூப் கலக்குற பசை. "அரை மணியில கல்லு மாதிரி ஆயிடும்க்கா."

அக். 16, வியாழன்

இன்னிக்கு நடந்ததை உள்ளபடி எழுதணும்.

காதுத் தோலை உள்வெளியாத் திருப்பி வச்சிருந்தான். அடிப்பக்கம் லேசா மினுமினுப்பு. கொழுப்பு. நம்ம படிகாரத் தோல்ல அது தங்கும். ஸ்பிரிட்ல பஞ்சு நனைச்சு ரெண்டு தடவை துடைக்காம எந்தப் பசையும் பிடிக்காது. தோஹாவுல ஃபேக்டரியில பதப்படுத்தின தோல் வருமாம், துடைக்கிற வேலையே இல்லையாம். அதனால அவனுக்குத் தெரியலை.

ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மேசையில வச்சேன். அப்ப வசந்தா மேடம் உள்ளே வந்து, "எவ்வளவு சுத்தமா வேலை செய்றாரு பாரு ஸ்டெல்லா"ன்னாங்க. பாட்டிலைத் திரும்ப அலமாரியில வச்சுட்டேன். வாயைத் திறக்கலை.

அவன் பசை தடவி, பிளாஸ்டிக் காதைச் சொருகி, நிமித்தி வச்சான். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன், கத்தரி எடுத்துக் கொடுத்தேன். நல்ல உதவியாளர்.

அக். 17, வெள்ளி

ரெண்டு காதும் தூக்கிக்கிச்சு. தோல் உள்ளே விட்டுப் போயி, தட்டினா டொப் டொப்னு சத்தம். காலேஜ் முதல்வர் வேற பாக்க வந்திருந்தாரு. "வெளிநாட்டுச் சாமானெல்லாம் நம்ம ஊர் மழைக்குத் தாங்காது போலிருக்கு." சொல்லிட்டுச் சிரிச்சாரு. அந்தோணி குனிஞ்சுக்கிட்டான்.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. பொய் எழுத முடியலை. நல்ல சந்தோஷம், மோர் குடிச்ச மாதிரி.

எல்லாரும் போனப்புறம் அவன் கேட்டான். "அக்கா, நேத்து ஸ்பிரிட் பாட்டில் மேசைக்கு வந்துச்சு. அப்புறம் அலமாரிக்குப் போயிடுச்சு. பாத்தேன். எதுக்குன்னு அப்ப புரியலை."

"கொழுப்பைத் துடைக்க."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லலை."

அவன் கத்தவே இல்லை. கத்தியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தூக்கியிருந்த தோலை விரலால அழுத்திப் பாத்தான். "சரி. நாளைக்கு நீங்க பண்ணுங்க. நான் கூட இருக்கேன்."

அக். 18, சனி

கனமழை. கரண்ட் இல்லை, ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு வேலை. நல்லவேளை, அவன் பசை பிளாஸ்டிக்கோடவே வந்துடுச்சு, தோல் கிழியலை.

அலமாரிக்குப் பின்னாலிருந்து நான் செஞ்ச காது அச்சை எடுத்தேன். மான் வந்த அன்னிக்கே அதோட சொந்தக் குருத்தெலும்பை வச்சு பிளாஸ்டர்ல எடுத்தது. யாருக்கும் காட்டலை. அதுமேல மெல்லிய துத்தநாகத் தகடை வச்சுத் தட்டித் தட்டி வளைச்சேன். தோலை ஸ்பிரிட்ல மூணு தடவை துடைச்சேன். வெள்ளைப் பசையில பூஞ்சை வராம ரெண்டு சொட்டு கார்பாலிக் அமிலம். நடு நரம்புலேர்ந்து ஓரத்துக்கு விரலால தள்ளித் தள்ளி ஒட்டினேன். ரெண்டு பக்கமும் கொசுவலைத் துண்டு, அட்டை, மேல துணி க்ளிப்.

க்ளிப்பெல்லாம் அவன் போட்டான். ஒரு இடத்துல, "இங்க இறுக்கினா முடி படிஞ்சு தடம் விழும்க்கா"ன்னான். சரிதான். எனக்குத் தெரியாதது. அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.

அக். 19, ஞாயிறு

பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல அந்தோணி நின்னான். கையில உறை. "எங்க மியூசியத்துல இன்னொரு ஆள் வேணுமாம். லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க பேரைச் சொல்லிட்டு வந்தேன்."

முன்னாடியே.

இங்கிலீஷ் ஃபாரம். சிபாரிசு பண்றவர் பகுதி முழுக்க அவன் கையெழுத்து. வேலைத்திறன்: மிக நன்று. நேரம் தவறாமை: மிக நன்று. கடைசி வரி மட்டும் காலி. கூட வேலை செய்றவங்களோட ஒத்துப்போவாரா?

"இதை எப்படி எழுதுறதுன்னு தெரியலைக்கா. நீங்களே எழுதிடுங்க."

வீட்டுக்கு வந்து ஃபாரத்தை மேசையில விரிச்சு வச்சேன். ஆமாம்னு ஒரு வார்த்தை எழுதினா முடிஞ்சுது. அம்மா ரெண்டு தடவை என்னன்னு கேட்டுச்சு. சாயங்காலம் அகராதியைப் பாத்து ஸ்பெல்லிங் சரி பண்ணி எழுதினேன்: பொறாமை வந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். ஒருமுறை அப்படி இருந்தேன். வேலை கெட்டது.

அக். 20, திங்கள்

பஸ் ஸ்டாண்ட். அந்தோணி நின்னபடியே படிச்சான். "இதை அப்படியே கொடுத்துடவா?"

"கொடு."

நாலா மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டான். "எங்க ஆளு இதைப் படிச்சா என்ன சொல்வாருன்னு தெரியலை. நான் பேசிப் பாக்குறேன்." திருச்சி பஸ் வந்துடுச்சு. ஃபாரம் பத்தி அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

அக். 28, செவ்வாய்

வெயில். க்ளிப் எடுத்தேன். ரெண்டு காதும் நிக்குது. தட்டிப் பாத்தேன், சத்தம் இல்லை. இடது காது லேசா முன்னால திரும்பி, யாரோ வர்றதைக் கேக்குற மாதிரி. வசந்தா மேடம் ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

தோஹாவிலிருந்து தகவல் எதுவும் இல்லை.

மதியம் பெயர்ப்பலகை வந்துச்சு. பாடம் செய்தவர்கள்: அந்தோணி, ஸ்டெல்லா. அவன் பேர் முதல்ல. எழுத்து ரெண்டும் ஒரே அளவுதான். ஸ்கேல் வச்சு அளந்துட்டேன்.