ஃபயர் என்று வந்த சேதி

காரைக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நாகஜோதிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, கொப்புடையம்மன்தான் உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கடைசி வரை படி.

புதன்கிழமை காலையில் நான் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது உன்னோடு அறையில் தங்கியிருக்கிற அந்தப் போலந்துப் பெண்ணிடமிருந்து என் போனுக்கு ஒரு சேதி வந்தது. ஆத்திர அவசரத்துக்கு என்று நீதானே என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி, அதில் உன் பேர், ஃபயர் என்ற சொல், போன் ஆஃப் என்பது, இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. பத்தாவது படித்தவளுக்கு ஃபயர் தெரியாதா, சிவப்பு வண்டியில் எழுதியிருக்கிறதே. அரிசியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது, அந்தப் பெண்ணும் எடுக்கவில்லை. கோவிலூர்ப் பக்கம் கடலைக்கொல்லைக்குப் போயிருந்த அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து போனை வாங்கிப் பார்த்தார். முப்பது வருசம் பஸ் ஓட்டியவர், தன் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தீயணைப்பு டப்பாவில் அந்தச் சொல்லைத் தினமும் பார்த்தவர். முதலில் அவரும் தீ என்றுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, போலீஸ்காரர்கள் துப்பாக்கியால் சுடுவதற்கும் ஃபயர் என்றுதான் சொல்லுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். வெளிநாட்டில் நம் பிள்ளைகளை அடித்ததாக டிவியில் காட்டியதெல்லாம் என் கண்முன் வந்துவிட்டது ஜோதி. தீ என்றால் ஆஸ்பத்திரியிலாவது இருப்பாய் என்று நினைத்தேன். எந்தத் தாயும் அப்படி ஒன்றை ஆறுதலாக நினைக்கக் கூடாது.

ஆட்டோ பிடித்து செக்காலை ரோட்டில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிற பொன்னுத்தாயி டீச்சரிடம் போனோம். போகிற வழியெல்லாம் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். தீயும் இல்லை, சுடவும் இல்லை, வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்றாள். நாங்கள் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். அதனால் அவள் தடித்த அகராதியை எடுத்து விரல் வைத்துக் காட்டினாள். அடுப்புத் தீ, செங்கல் சூளையில் சுடுவது, துப்பாக்கியால் சுடுவது, எல்லாம் அந்த ஒரே சொல்லின் கீழ் இருந்தது. கடைசியாக வேலைநீக்கம். டிஸ்சார்ஜ் என்றால் ஆளை வேலையை விட்டு அனுப்புவதும் உண்டாம், துப்பாக்கியால் சுடுவதும் உண்டாம், அதை வைத்து நூறு வருசத்துக்கு முன்னாலேயே அமெரிக்காவில் யாரோ விளையாட்டாக ஃபயர் என்று சொல்லப்போய் அதுவே நிலைத்துவிட்டது போல என்றாள். ஒருவர் சோற்றில் மண் விழுகிறதை விளையாட்டாகச் சொல்ல எப்படி மனசு வந்ததோ. அப்பா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

“அப்ப எம்மக மேல ஒண்ணும் படலைல்ல?”

“படலைண்ணே. பிள்ளை முழுசா இருக்கு, வீட்டுக்குப் போங்க.”

டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பார்க்க உன் அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் சந்தோசத்தில் டீச்சர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். மகளுக்கு வேலை போனதற்குக் கும்பிட்ட தாய் நானாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டோம். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை, அதனால் போனை அணைத்து வைத்திருந்தேன் என்றாய். எனக்கு வாய் வரை வந்தது, அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். சரி ஆத்தா, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போதைய பயம் அதிலிருந்து வந்ததுதான். டீச்சரை விட்டு அந்தப் பெண்ணிடம் எழுதிக் கேட்டோம். நீ காலையில் எப்போதும்போல ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாயாம், இருட்டிய பிறகு வருகிறாயாம், சாப்பாடு வேண்டாம் என்கிறாயாம். பகல் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறாய் ஜோதி? உன்னோடு யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே, அவளும் பயந்துதான் எழுதியிருக்கிறாள்.

அப்பா இன்று காலையில் டீச்சரிடம் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சென்னையைத் தாண்டாத மனுசர், அங்குட்டு வந்து உன்னை எங்கே தேடுவாரோ. ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்கிறார்.

வேலை கிடைக்கிறபோது கிடைக்கட்டும், இல்லையென்றால் புறப்பட்டு வா. இங்கே யாரும் உன்னை ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு வாய் சூடாகச் சாப்பிடு. அம்மன் உன் தலைமாட்டிலேயே இருப்பாள். இதைப் படித்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு. பேச முடியாவிட்டால் அழுதுகொண்டே இரு, நான் போனை வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
ஈஸ்வரி