கவிழ்த்து வைத்த ரொட்டி

அல்மாட்டி, மார்ச் 3

அன்புள்ள தம்பி ஷெர்சோத்,

உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே என் பக்கத்து வீட்டிலிருந்து நம் ஊருக்கு வந்த மொஹிரா, நான் கடையில் சண்டை போட்டதாகவும் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகவும் சொன்னது தவறு. என்னை அழைத்துப்போக நீ வர வேண்டாம். பள்ளியில் எனக்கு வேலை இருக்கிறது.

கல்லாவில் இருந்த பெண் ரொட்டிகளைக் குப்புறப் போட்டாள். ரொட்டியைக் கவிழ்ப்பது பாவமாயிற்றே, அதன் முகம் மேலே இருக்க வேண்டாமா? என்னுடையதை நிமிர்த்தினேன். பின்னால் நின்றவர்களுடையதையும் நிமிர்த்தினேன். வரிசை நகரவில்லை.

"ஏன் பெரியம்மா, ரொட்டிக்கு மூச்சு முட்டுதா?" என்றார் ஒருவர்.

"உன்னைக் கவுத்துப் போட்டா தெரியும்," என்றேன்.

ஆனால் இங்கேயும் அதே வழக்கம்தானே, இந்த ஊர்ப் பெண் ஏன் அப்படிச் செய்கிறாள்? உறையைப் புரட்டிப் பார்த்தேன். கருவி படிக்கும் விலைச்சீட்டு அடியில் ஒட்டியிருந்தது.

"எனக்கும் மனசு கேக்கல பெரியம்மா. மெஷினு கேக்குதே!" என்றாள்.

இப்போது என்னைக் கண்டால் ரொட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கீழிருந்து கருவியைக் காட்டுகிறாள். தினமும் ஒரு ரொட்டி வாங்குகிறேன். ஒருத்திக்கு அது அதிகம்தான்.

நம் ஊர்க் கடைகளில் சீட்டை எந்தப் பக்கம் ஒட்டுகிறார்கள்? போய்ப் பார். தொலைபேசியில் சொல்லாதே, கடிதமாக எழுது.

உன் அக்கா
சவோதத்