கவியின் தட்டில் வெண்ணெய்

ஜூன் 12, 2024
பள்ளியிலிருந்து மறுபடி போன். வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே கவிப்பிரியாவுக்கு வலிப்பு. பேக்கரியை அப்படியே விட்டு ஓடினேன். மாத்திரையை எத்தனை முறை மாற்றியும் கேட்கவில்லை. மாத்திரை மயக்கத்தில் எட்டு வயது மகள் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறாள்.

ஜூன் 20
சேலத்து டாக்டரம்மா சொன்னதை இன்னும் நம்ப முடியவில்லை. இனி சாப்பாடுதான் மருந்தாம். அதுவும் கொழுப்பு! சோறு, களி, சர்க்கரை எல்லாம் அநேகமாக நிறுத்தம். வெண்ணெய், தேங்காய் எண்ணெய், முட்டை.

"கொழுப்பு மூளைக்குக் கெடுதல்னுதானேங்க படிச்சேன்?"

"நீங்களும் நானும் இஷ்டத்துக்குத் தின்னா கெடுதல்தாங்க. இது அளந்து குடுக்கற வைத்தியம். மாத்திரைக்கு அடங்காத சில குழந்தைங்களுக்குக் கேக்குது. எல்லாருக்கும் இல்ல."

சர்க்கரை கிடைக்காவிட்டால் ஈரல் கொழுப்பை உடைத்து கீட்டோன் என்று ஒன்றைச் செய்யுமாம். மூளை அதில் ஓடுமாம். பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாற்றுவது போலவா? சரி, மாற்றினால் வலிப்பு ஏன் அடங்க வேண்டும்?

"அது இன்னும் யாருக்கும் முழுசா தெரியாதுங்க" என்றார்.

எங்கள் ஊர் கம்பைநல்லூர் வரும்வரை பஸ்ஸில் அதே யோசனை.

ஜூலை 3
ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தொடங்கிவிட்டார்கள். வாந்தி. சுருண்டு கிடக்கிறாள். அவள் அம்மா கனிமொழி அழுகிறாள்: "பன்னு சுடறவரு வூட்டுல பொறந்த புள்ளைக்கு ஒரு வாய் பன்னு இல்ல. என்னங்க வைத்தியம் இது?"

வாந்தித் துணியை எடுத்துக்கொண்டு அலசப் போனேன்.

ஜூலை 19
கடைத் தராசு இப்போது வீட்டில். ஒவ்வொரு வேளையும் வெண்ணெயை நிறுத்து வைக்கிறேன். பரிசோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் கருஞ்சிவப்பு — கீட்டோன் வந்துவிட்டது! இந்த மஞ்சள் வெண்ணெய் அவளுக்குள் என்னவெல்லாம் ஆகிறது?

ஆகஸ்ட் 8
இந்த வாரம் வலிப்பே இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 15
போச்சு. யாரும் பார்க்காதபோது கடையில் தேங்காய் பன் எடுத்துத் தின்றிருக்கிறாள். சாயங்காலம் வலிப்பு வந்துடுச்சு. நான் பிசைஞ்ச மாவு... திட்டக்கூட மனசு வரல.

தெளிந்ததும் கேட்டாள்: "பன்னுதான் பண்ணுச்சாப்பா?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதுங்க. விடாம தொடருங்க."

அவளுக்கும் என்னைப் போலவே காரணம் தெரிந்தாக வேண்டும்.

அக்டோபர் 27
டாக்டரம்மாவிடம் அளவு கேட்டு, மைதா இல்லாமல், சர்க்கரை இல்லாமல், தேங்காயும் முட்டையும் வெண்ணெயும் வைத்து ஒரு கேக். பலமுறை உதிர்ந்து இன்றுதான் நின்றது. "உங்க கடையிலயே இதுதான்பா மோசம்" என்றாள். மிச்சமில்லாமல் தின்றாள்.

ஜனவரி 9, 2025
வலிப்பு அரிதாகிவிட்டதால் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்; கவனிக்க வேண்டும். கவி டாக்டரம்மாவையே கேட்டாள்: "கொழுப்பு சாப்புட்டா நான் ஏன் குண்டாகல?" அவர் படம் போட்டுக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 21
பள்ளியில் ஒகேனக்கல் சுற்றுலா. கனி அளந்து கட்டிய டப்பாவை பானுமதி டீச்சரிடம் கொடுத்தேன். எதை எப்போது தர வேண்டும், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் சொன்னேன்.

"நீங்களும் ஏறிக்கறீங்களா சார்? எடம் இருக்குதுங்க."

பஸ்ஸில் ஏறத்தான் காலைத் தூக்கினேன். உள்ளே ஜன்னலோர இடத்துக்காக யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் கவி. என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க டீச்சர். கடை தொறக்கணும்."