பிலிம் பிடித்த விரல்

12 நவம்பர் 1973, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. மில்லர்புரம் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அப்படியும் எங்கள் பல் ஆஸ்பத்திரிக்குப் பல்வலிக்காரர்கள் வருவது குறையவில்லை. எக்ஸ்ரே ஐந்தாறு. எப்போதும்போல நோயாளியின் வாய்க்குள் பிலிமை என் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தேன். டாக்டர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்தினார். இத்தனை வருஷமும் இப்படித்தான்.

அந்த விரல் நுனிப் புண் ஆறவே இல்லை. நகம் கறுத்து, கோடு கோடாகப் பிளந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினேன்.

"பிலிம் கழுவுற மருந்து பட்டிருக்கும், கிரேஸ். தேங்கா எண்ணெய் போடு."

மண்ணெண்ணெய் வாங்க மறந்தாயிற்று.

19, திங்கள்
பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி. துணைக்கு அண்ணன். சர்ஜன் விரலைப் பார்த்ததுமே கேட்டார்: "எக்ஸ்ரே ரூம்ல வேலையா? பிலிமை நீங்களா பிடிக்கீங்க?"

ஆமாம் என்றேன்.

"நோயாளியே பிடிச்சுக்கிடலாமே. அவருக்கு என்னைக்கோ ஒருநாள். உங்களுக்குத் தினமும்லா கதிர் படுது."

சதை கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார். முடிவு அடுத்த வாரமாம்.

28, புதன்
புற்று. விரலை எடுத்துவிட வேண்டுமாம். எங்கள் டாக்டரிடம் சொன்னேன். முகம் வெளிறியது. "எக்ஸ்ரேயாலன்னு யார்ட்டயும் சொல்லிராத." வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

6 டிசம்பர், வியாழன்
நடுவிரலில் பேனா. எழுத்து கோணல். இல்லாத விரல் அரிக்கிறது.

அண்ணன்: "வெரல்தானளா போச்சு. உசுரு இருக்குல்லா." சொல்லிவிட்டு வெளியே போய் அழுதான்.

17, திங்கள்
கட்டோடு வேலைக்குப் போனேன். என் இடத்தில் ரெஜினா, மணப்பாட்டுப் பெண். நாற்காலியில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர். அவர் வாய்க்குள் ரெஜினாவின் விரல்.

"ஏளா, கைய எடு!"

"கிரேஸ், வெளிய போ" என்றார் டாக்டர்.

போகவில்லை. அந்த ஆளின் கட்டைவிரலை எடுத்துப் பிலிமில் வைத்தேன். "அசையாம பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி." ரெஜினாவை மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். டாக்டர் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். பிறகு பொத்தானை அழுத்தினார். படம் தெளிவாகவே விழுந்தது.

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ரெஜினா வாசல்வரை வந்தாள். "யக்கா, நாளைக்குப் பிடின்னு சொன்னா நான் என்ன செய்ய? எங்க வீட்டுல என் சம்பளம்தான்."

கட்டை அவிழ்த்துக் காட்டினேன்.

18, செவ்வாய்
மழை இல்லை. தலைவலி. சாயங்காலம் ரெஜினா வந்தாள்.

"சின்னப் பிள்ளை ஒண்ணுக்கு எக்ஸ்ரே. பிடின்னாரு. மாட்டேன்னுட்டேன். பிள்ளையோட அம்மாதான் பிடிச்சா. நாளைக்கு வேலை இருக்கான்னு தெரியலக்கா."

சோறு போட்டேன். மீன் குழம்பு. ஐந்து விரலாலும் பிசைந்து சாப்பிட்டாள்.