மாதிரிக்கு என் கை

என் செல்லக் கழுதைக்கு,

என்னைப் போல ஒருத்தியை வைத்து நானே எழுதிய குழந்தைகள் புத்தகம் அச்சாகப்போகிறதடி! ஆனால் நேற்று மாதிரித் தாளைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. கதையில் வரும் சுட்டிப்பெண்ணின் கையிலும் உதட்டோரத்திலும் இருந்த வெண்புள்ளிகளைக் காணோம். மழமழவென்று துடைத்து வைத்திருந்தார்கள்!

அச்சகத்துக்கே ஓடினேன். "படத்துல ஏதோ கறைன்னு நினைச்சு நான்தாம்மா சுத்தம் பண்ணேன்" என்றார் அங்கே படங்களுக்கு நிறம் சரிபார்ப்பவர். சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் உதட்டோரத்திலும் அதே வெண்புள்ளிகள்! மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரி விடுங்க, திரும்பப் போட்டுடுங்க."

"என்ன வெள்ளைம்மா? பேப்பர் வெள்ளையா, பால் வெள்ளையா?"

கையை நீட்டினேன். விளக்கடியில் தாளையும் என் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் ரோஸ் கூட்டி, கொஞ்சம் மஞ்சள் குறைத்து, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து ஒத்துப் பார்த்தார். எத்தனை டாக்டர்கள் பார்த்த கை இது! எல்லாரும் இது போகவேண்டும் என்றுதான் பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் இது அப்படியே வரவேண்டும் என்று பார்த்தார்.

புதுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இந்த வெயிலிலும் விடுதியில் முழுக்கைச் சட்டைதான் போடுகிறாயாமே, உன் அறைத்தோழி சொன்னாள். ஏனென்று நான் கேட்கவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, தாளை உன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். நிறம் சரிதான் என்று நீ சொன்னபிறகுதான் அச்சு ஓடும்.

பதிலுக்குப் பறக்கும்,
அம்மா