மோகனாவின் தொகுப்புரை

பட்டர்வொர்த்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மோகனா,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் பழனியப்பனும் பிள்ளை தனுஜாவும் சௌக்கியமா? வாட்சாப்பில் எழுதினால் யாராவது படம் பிடித்துப் பரப்பிவிடுவார்கள் என்று நீ பயந்தாய். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரி என்னை இடைநீக்கம் செய்ததும் என் வரலாற்று வகுப்புகளுக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். எதிர்வீட்டு ஹபீபா பீவி தினமும் வந்து துக்கம் விசாரிக்கிறாள். "டிக்டாக்ல உங்கள பார்த்தேன் டீச்சர். ஏன் அப்படிப் பேசுனீங்க? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கலாம்லா!" அந்த அரை நிமிடக் காணொளியில் நான் "நாமெல்லாம் வந்தேறிகள்தான்" என்கிறேன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைப் பார்த்துப் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்த புண்ணியவான் அன்று நான் உரையாற்றிய மண்டபத்துக்கே வரவில்லை.

நான் சொன்னது உனக்குத் தெரியும். "நாமெல்லாம் வந்தேறிகள்தான் என்று எவனாவது சொன்னால் நமக்கு எப்படி எரிகிறது? அதே சொல்லை மியன்மார் அகதிகள்மேல் நாமே வீசலாமா?" என்று கேட்டேன். அன்றைக்குப் பார்த்துக் கல்லூரிக் கேமரா பழுதாகிக் கிடந்தது. கைதட்டியவர்கள் யாரும் இப்போது என் போனை எடுப்பதில்லை.

ஆகவே கல்லூரி விசாரணைக் குழு உன்னைத்தான் கூப்பிடும். நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய பொது உரை மேடை இது. பேச்சாளர் முடித்ததும் தலைவர் எழுந்து அவர் சொன்னதைத் தொகுத்துச் சொல்வது நம் வழக்கம். அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. உக்ரைன் போரானாலும் நம் ஊர்த் தேர்தலானாலும் கையில் துண்டுக் காகிதம் இல்லாமல் வரி பிசகாமல் ஒப்பிப்பாய். உன் தொகுப்புரைக்காகவே வருகிறவர்கள் உண்டு. அன்றும் இந்த வாக்கியத்தை நீயே திருப்பிச் சொன்னாய்.

அதைக் குழுவின் முன்னால் இன்னொரு முறை சொல். வேறொன்றும் வேண்டாம். இந்த வேலை போனால் இந்த வயதில் எனக்கு எவர் வகுப்பறை தருவார்?

அன்புடன்,
ஹாஜரா அக்கா


டத்தோ கிராமாட்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அன்றே ஃபெரி ஏறி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். இவர்தான் தடுத்துவிட்டார். "இப்பப் போகாத மோகனா. காலேஜ் ஆளுங்க யாராச்சும் பார்த்தா பெரிய சூசா, தொல்லையாப் போயிரும்லா" என்கிறார். நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்களும் அன்று கொஞ்சம் மெல்லப் பேசியிருக்கலாம். நம்மவர்களின் கடைகளிலேயே அகதிகளுக்கு அரைச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று மேடையில் போட்டு உடைத்தீர்கள். வணிகர் சங்கச் செயலாளர் இர்வான் எழுந்து நின்று கத்தினாரே, மறந்துவிட்டீர்களா? அந்த மனிதருக்கு இன்னும் உங்கள்மேல் ஆத்திரம் தீரவில்லை என்று கேள்வி.

கல்லூரியில் துணை இயக்குநர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். குழுவில் என்னால் ஆனதைச் செய்வேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். தனுஜாவிடம் நெத்திலிச் சம்பல் கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் உங்கள்,
மோகனா


பட்டர்வொர்த்
9 செப்டம்பர் 2025

மோகனாவுக்கு,

சம்பல் வந்தது. பிறகு உன் வாக்குமூலத்தின் நகலும் வந்தது.

"அச்சமயம் ஒலிவாங்கிக் கோளாறைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பேச்சாளர் கூறியது என் காதில் சரியாக விழவில்லை."

அன்று ஒலிவாங்கிக்கு ஒரு கேடும் இல்லை. காதில் விழாத பேச்சை எப்படியம்மா அவ்வளவு அழகாகத் தொகுத்தாய்? அந்தக் காணொளியில் உள்ளபடிதான் நான் பேசினேன் என்று நீ சாட்சி சொல்லியிருந்தால்கூட, உள்ளுக்குள் என்மேல் ஏதோ பகை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றியிருப்பேன். நீ பகையாளியாகவும் நிற்கவில்லை. நைசாக நழுவிவிட்டாய்.

வயிறு எரிகிறது மோகனா. படிக்கப் படிக்க எரிகிறது. மேடையில் உன் பக்கத்து நாற்காலியில் உட்காரும்போதெல்லாம், நான் எங்கேயாவது தடுமாறினால் இவள் எடுத்துக் கொடுப்பாள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேனே, அதை நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

விசாரணை முடிய இன்னும் ஓர் அமர்வு இருக்கிறது. திருத்தி எழுதிக் கொடுக்க உனக்கு நேரம் உண்டு. முடியாதென்றால் முடியாதென்றாவது எழுது.

ஹாஜரா


டத்தோ கிராமாட்
3 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

வாழ்த்துகள்! புகார் தள்ளுபடியாகி நீங்கள் வேலைக்குத் திரும்புகிறீர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

செப்டம்பரில் நீங்கள் எழுதியதற்குப் பதில் போடவில்லை என்று வருத்தமாக இருக்கும். எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உண்மை எப்படியும் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் நான் சும்மா இருந்தேன். வந்துவிட்டது, பார்த்தீர்களா! நானும் துணை இயக்குநராகிவிட்டேன். இனி உங்களை யாரும் அசைக்க முடியாது, நான் இருக்கிறேன்.

ஜனவரி மாதப் பொது உரை உங்களுடையது. தலைப்பு உங்கள் விருப்பம். பழையபடி நானே தலைமை தாங்கித் தொகுத்துப் பேசுகிறேன். நம் பழைய ஆட்கள் எல்லாரும் வருவார்கள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. உரைக்கு முதல் நாள் சாப்பாடு என் வீட்டில்.

உங்கள் அன்புத் தங்கை,
மோகனா


பட்டர்வொர்த்
10 நவம்பர் 2025

மோகனா,

உண்மை தானாக நடந்து வெளியே வரவில்லை. இர்வான் கொண்டுவந்தார்.

கடைசி அமர்வுக்கு யாரும் கூப்பிடாமலே வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. குழுவைப் பார்த்து, "இவங்க பேசுனது எனக்குப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. எங்க கடைங்கள நாற அடிச்சிட்டாங்க. ஆனா அந்த வீடியோல உள்ள மாதிரி இவங்க சொல்லல லா. முழுசாக் கேட்டுட்டுத்தானே நான் சண்டைக்குப் போனேன்!" என்றார். நான் சொன்ன வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். வாசலில் நன்றி சொல்லப் போனேன். "நன்றிலாம் வேணாம் டீச்சர். அந்த அரைச் சம்பளக் கதைய மறுபடி பேசுனீங்கன்னா மறுபடியும் எழுந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். நான் கார் நிறுத்துமிடத்திலேயே நின்று அழுதேன். அவருக்காக அழவில்லை. நீ அந்த இடத்தில் இல்லையே என்று அழுதேன்.

சாப்பாட்டுக்கு வர மாட்டேன். இனி கடிதமும் வேண்டாம். கல்லூரி விஷயமென்றால் அலுவலக மின்னஞ்சலில் எழுது, பதில் போடுகிறேன்.

ஜனவரியில் பேசுகிறேன். அதே அகதிகளைப் பற்றித்தான், அரைச் சம்பளத்தையும் சேர்த்துத்தான். துணை இயக்குநருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பார்கள், வருவதும் வராததும் உன் இஷ்டம். தலைமை தாங்க இர்வானைக் கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று முதலில் நினைத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். முதல்வருக்கும் எழுதிவிட்டேன். தொகுப்புரையில் என்னைக் கிழிகிழி என்று கிழிக்கப்போகிறார். கிழிக்கட்டும். நான் சொன்னதை நான் சொன்னபடியே சொல்லிவிட்டுத்தான் கிழிப்பார்.

ஹாஜரா
வரலாற்றுத் துறை